கோமாளி மீனுக்கு முதலில் சின்னத் தொட்டி

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கோமாளி மீன் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. கடல்நீர்த் தொட்டிக்கு அவ்வளவு செலவு செய்தவர்கள், நோய் பார்ப்பதற்கு ஒரு 40 லிட்டர் தொட்டி வைக்கத் தயங்குகிறார்கள். அதில் மணல் வேண்டாம், பாறையும் வேண்டாம். பெரிய தொட்டியில் சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு, மூடி, இவை போதும். புதுமீன் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும்.

வாங்கும்போது பண்ணையில் பொரித்த மீனா என்று கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்திருக்கின்றன. கடலில் பிடித்த மீன்தான் பயணக் களைப்பில் எளிதாக நோயில் விழும். கடைக்காரரை இரை போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீனை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

நான் மிகவும் அஞ்சுவது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய். முதலில் நிறம் மங்கும். பிறகு கண்ணுக்குப் பின்னாலும் முதுகிலும் சாம்பல் படலம் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் நன்றாகப் புலப்படும். அடுத்து சளி உரிந்து நூல் நூலாகத் தொங்கும். செவுள் படபடக்க, மீன் மேல்மட்டத்தில் நின்று மூச்சு வாங்கும். இந்த ஒட்டுண்ணி மீனின் உடலிலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவதால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நம்மில் பலர் இதை வெள்ளைப்புள்ளி நோய் என்று நினைத்துச் செம்பு மருந்து ஊற்றுகிறார்கள். செம்பு இதைக் கொல்லாது. வெள்ளைப்புள்ளி என்றால் ரவை தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகள் இருக்கும், படலம் இருக்காது.

புரூக்ளினெல்லாவுக்கு ஃபார்மலின் குளியல்தான். அதே உப்பளவுள்ள நீரில், நான்கு லிட்டருக்கு 37 சதவீத ஃபார்மலின் 1 மி.லி., காற்றுக்கல் பலமாக ஓட, 30 முதல் 45 நிமிடம். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பாட்டிலில் வெள்ளை வண்டல் படிந்திருந்தால் அந்த மருந்தைத் தொடாதீர்கள், அது மீனைக் கொன்றுவிடும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அந்த ஆவி நமக்கும் கேடு. குளியல் முடிந்த மீனைப் பழைய நீரில் விடாமல், அதே உப்பளவுள்ள புதுநீரில் விடுங்கள்.

வெள்ளைப்புள்ளிக்குச் செம்பு சரி, ஆனால் சின்னத் தொட்டியில் மட்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் பவளமும், கடலில் கோமாளி ஒண்டி வாழும் கடல் சாமந்தியும் (அனிமோன்) செத்துவிடும். வெள்ளைப்புள்ளி பெரிய தொட்டிக்குள் போய்விட்டதா? எல்லா மீனையும் வெளியே எடுத்து, அதை 76 நாள் மீனில்லாமல் விடுவது வழக்கம். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் சின்னத் தொட்டி.

ஜோடி விஷயம் எளிது. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஆகவே ஒரே இனத்தில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று வாங்குங்கள். சிறியது பெரியதன் முன் உடம்பை நடுங்கவைத்துச் சாய்ந்தால் அது பணிவு. நோய் என்று மருந்து போடாதீர்கள். துடுப்பு கிழிந்து மூலையில் ஒடுங்கினால்தான் பிரிக்க வேண்டும். மூன்றாவது கோமாளி வேண்டவே வேண்டாம். மெரூன் வகைக் கோமாளி முரட்டுத்தனமானது. அதை ஆசெல்லாரிஸ் என்ற சாதாரண ஆரஞ்சுக் கோமாளியோடு விடாதீர்கள். வேறு இனத்தில் கோபி, பிளென்னி போன்ற சின்ன மீன்கள் பரவாயில்லை. சிங்கமீனும் களவாமீனும் கூடாது, விழுங்கிவிடும்.

கடல் சாமந்தி இல்லாமலே கோமாளி நன்றாக வாழும். புதுத் தொட்டியில் சாமந்தி வைக்காதீர்கள். அது நகர்ந்து பம்பில் சிக்கினால் தொட்டி நீரே கெட்டுப்போகும்.

சென்னைக் கோடையில் நீர் 31 டிகிரியைத் தொடும். கோமாளிக்கு 25 முதல் 28 நல்லது. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவதால் செவுள் நோயுள்ள மீன் இரட்டிப்பாகத் தவிக்கும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும். நீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறும் என்பதால், தினமும் உப்பில்லாத ஆர்ஓ நீரை ஊற்றி அடர்த்தியை 1.025 அருகிலேயே வைத்திருங்கள். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.