சுற்றுலாக் காணொளிக் கருத்துரைகளில் உணர்வுப் பகுப்பாய்வு: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

ஓர் அருவியைக் காட்டும் காணொளியின் கீழே ஒருவர் "அருமை" என்று எழுதுகிறார். அவர் பாராட்டுவது அருவியையா, படம்பிடித்தவரின் கைவண்ணத்தையா, பின்னணி இசையையா? எழுத்தில் வெளிப்படும் உணர்வைக் கணினி கொண்டு வகைப்படுத்தும் உணர்வுப் பகுப்பாய்வில் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்காமலேயே நேர்மறை, எதிர்மறை, நடுநிலை என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். முடிவில், காணொளிக்குக் கிடைத்த பாராட்டு அந்த இடத்துக்குக் கிடைத்த வரவேற்பாக அறிக்கையில் ஏறிவிடுகிறது. இந்தத் தவறைத் தவிர்ப்பதற்கேற்பவே கீழுள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்த இடத்துக்குச் செல்வது பற்றிப் பார்வையாளர்கள் என்ன உணர்கிறார்கள்?" என்பது ஒரு கேள்வி, "இந்தக் காணொளி பார்வையாளர்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்பது வேறொன்று. எதற்கு விடை தேடுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 2: கருத்துரைகளைத் திரட்டுங்கள்

யூடியூப் தனது தரவு ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவைக் கேட்டுப் பெறும் இடைமுகம்) வழியாகப் பொதுக் கருத்துரைகளைப் பெற அனுமதிக்கிறது. ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 100 கருத்துரைத் தொடர்கள் (ஒரு கருத்துரையும் அதற்கான பதில்களும்) கிடைக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: முக்கியத்துவ வரிசையில் கேட்டால் பலரும் விரும்பியவை முன்னால் வரும், அவற்றில் முதல் சில நூறை மட்டும் எடுத்தால் உங்கள் மாதிரி தொடக்கத்திலேயே ஒருபுறம் சாய்ந்துவிடும். கால வரிசையில் முழுவதையும் எடுத்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பதே நல்லது. எழுதியவர்களின் பெயர்களை இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிடுங்கள், பகுப்பாய்வுக்கு அவை தேவையில்லை.

படி 3: தூய்மை செய்யுங்கள், அளவோடு

இணைப்புகளையும், ஒரே வரியைப் பல முறை ஒட்டும் விளம்பரங்களையும் நீக்கினால் போதும். பழைய பாடக்குறிப்புகள் சில எமோஜிகளையும் நிறுத்தக்குறிகளையும் அகற்றச் சொல்லும். எமோஜி மட்டுமே கொண்ட கருத்துரைகளில் உணர்வு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பதால் அந்த அறிவுரையை நான் பின்பற்றுவதில்லை.

படி 4: கையால் குறியிடுங்கள்

சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் மொத்தப் பகுப்பாய்வின் தரமும் இதைப் பொறுத்தே அமைகிறது. ஏறக்குறைய 600 கருத்துரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறிகள் இடுங்கள்: முதலாவது இலக்கு (இடம், காணொளி, பயணச் செலவும் வசதியும், பிற பயணிகள்), இரண்டாவது உணர்வு. "எவ்வளவு அழகு! தயவுசெய்து இடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், கூட்டம் வந்து கெடுத்துவிடும்" என்ற கருத்துரையை எடுத்துக்கொள்வோம். இடத்தைப் பற்றி நேர்மறை, வரப்போகும் பயணிகளைப் பற்றி எதிர்மறை. ஒற்றைக் குறியால் இதை அடக்க முயன்றால் எந்தப் பக்கம் தள்ளினாலும் பிழையே. எனவே ஒரு கருத்துரைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகளை அனுமதியுங்கள்.

அவற்றில் 200 கருத்துரைகளை உங்கள் குறிகளைப் பார்க்காத இன்னொருவரும் தனியே குறியிட வேண்டும். இருவரும் 160 இடங்களில் ஒத்துப்போனால் உடன்பாடு 80 விழுக்காடு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நேர்மறை, எதிர்மறை என்ற இரண்டு குறிகள் மட்டும் உள்ளன என்றும், இருவருமே 70 விழுக்காட்டை நேர்மறை என்று குறித்தார்கள் என்றும் கொண்டால், தற்செயலாகவே (0.7 × 0.7) + (0.3 × 0.3) = 0.49 + 0.09 = 0.58 அளவுக்கு உடன்பாடு வந்திருக்கும். அதைக் கழித்துக் கணக்கிடும் கோஹனின் காப்பா அளவு (0.80 - 0.58) ÷ (1 - 0.58), அதாவது ஏறத்தாழ 0.52 தான் (முழு உடன்பாடு என்றால் 1). இப்படி வந்தால் மாறுபட்ட இடங்களை இருவரும் சேர்ந்து பேசி, குறியீட்டு விதிகளைத் திருத்தி எழுதி, மீண்டும் குறியிடுங்கள். நையாண்டி வாக்கியங்களில்தான் சண்டை அதிகம் வரும்.

படி 5: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கிலக் கருத்துரைகளுக்கு 2014-இல் வெளிவந்த வேடர் (VADER) என்ற உணர்வுப் பகுப்பாய்வுக் கருவி எளிய தொடக்கம். சொற்பட்டியலையும் சில விதிகளையும் கொண்டு -1 முதல் +1 வரை கூட்டு மதிப்பெண் தரும் இக்கருவியில், 0.05-உம் அதற்கு மேலும் நேர்மறை, -0.05-உம் அதற்குக் கீழும் எதிர்மறை, இடைப்பட்டவை நடுநிலை என்று கொள்வது வழக்கம். பல மொழிகள் கலந்து வந்தால் இது கைகொடுக்காது. அப்போது, 100 மொழிகளின் உரைகளில் பயிற்றுவிக்கப்பட்ட எக்ஸ்எல்எம்-ராபர்ட்டா (XLM-RoBERTa) போன்ற மொழி மாதிரியை (உரைகளிலிருந்து மொழியைக் கற்ற கணினி அமைப்பை) எடுத்து, உங்கள் குறியிட்ட தரவைக் கொண்டு மேலும் பயிற்றுவிக்கலாம். எந்தக் கருவியானாலும் 600-இல் 120 கருத்துரைகளைச் சோதனைக்கென்று ஒதுக்கிவிட்டு, கருவியைப் பயிற்றுவிக்கும்போது அவற்றைத் தொடாதீர்கள்.

படி 6: சரிபாருங்கள்

சுற்றுலாக் காணொளிகளின் கீழே பாராட்டே மிகுந்திருக்கும். சோதனைத் தரவில் 80 விழுக்காடு நேர்மறை என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நேர்மறை என்று சொல்லும் கருவிகூட 80 விழுக்காடு சரி என்று பெயர் வாங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே எஃப்1 மதிப்பை (கருவி அவ்வகை என்று சொன்னவற்றில் எத்தனை சரி, உண்மையில் அவ்வகையானவற்றில் எத்தனையைக் கண்டுபிடித்தது என்ற இரண்டையும் சேர்த்த அளவை) கணக்கிட்டு, அவற்றின் எளிய சராசரியைப் பாருங்கள். பின்னர், கருவி தவறவிட்ட எதிர்மறைக் கருத்துரைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கழிப்பறை, போக்குவரத்து, நெரிசல் பற்றிய குறைகள் பாராட்டுச் சொற்களுக்கு நடுவே ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

படி 7: முடிவை எழுதுங்கள்

மொத்த விழுக்காட்டை மட்டும் தராமல், இலக்கு வாரியாக அட்டவணை இடுங்கள். காணொளியின் உரிமையாளர் நீக்கிய கருத்துரைகள் உங்கள் கைக்கு வந்திருக்காது. பார்த்தவர்களில் பலர் எதுவும் எழுதாமலேயே போயிருப்பார்கள். எனவே அட்டவணையின் தலைப்பில் "பொதுமக்கள்" என்று போடாமல், "கருத்துரை எழுதியவர்கள்" என்று போட்டு, தரவு திரட்டிய நாளையும் அதன் அருகிலேயே குறித்துவிடுங்கள்.