சார்ஜிங் நிலையத்தை எங்கே வைப்பது? சென்னை–திருச்சி சாலையில் ஒரு கணக்கு

ஜனம் கூடுகிற இடத்தில் கடை போடுவது டீக்கடைக்குச் சரி. மின்சாரக் கார்களுக்கான நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையத்துக்கு அது ஒத்துவராது. சென்னைக்காரர் ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்வார். அவர் தவிப்பது நடுவழியில்தான். அதனால் ஊர்களை விட்டுவிட்டுப் பயணங்களை எண்ணுங்கள். ஆய்வாளர்கள் மைக்கேல் கூபியும் சியோ லிம்மும் 2005-இல் முன்வைத்த முறையின் அடிப்படை இதுதான். தாளும் பேனாவும் போதும்.

படி 1: ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் வண்டி ஓடும் தூரம். கம்பெனி சொல்கிற எண்ணை நம்பாதீர்கள். ஏசி, வேகம், கையிருப்பு எல்லாம் கழித்து 250 கிமீ என்று வைப்போம்.

படி 2: சாலையைக் கோடாக வரையுங்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120, விழுப்புரம் 160, பெரம்பலூர் 270, திருச்சி 325 கிமீ. திண்டிவனத்தில் பிரிந்தால் புதுச்சேரி இன்னும் 40.

படி 3: போக வர ஓட்டிப் பாருங்கள். போய்ச் சேரும் ஊரில் சார்ஜ் கிடைக்காது என்று வைப்போம். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். விழுப்புரத்தில் மட்டும் நிலையம் இருந்தால்? அங்கே நிரப்பித் திருச்சி போய்விடலாம், 165 கிமீதான். திரும்பி விழுப்புரம் வர மொத்தம் 330. வழியிலேயே படுத்துவிடும். பெரம்பலூரில் மட்டும் என்றால் அங்கே போய்ச் சேரவே முடியாது. திருச்சிப் பயணத்துக்குத் தனித்தனியாக இரண்டுக்கும் மதிப்பெண் பூஜ்யம். சேர்த்து வைத்தால் திருச்சிப் பயணம் முழுக்கக் கைக்கு வருகிறது. எனவே இடங்களை ஒவ்வொன்றாக மதிப்பிடாமல் ஜோடி ஜோடியாகச் சோதியுங்கள்.

படி 4: ஒவ்வொரு ஜோடியாலும் எத்தனை பயணங்கள் முடிகின்றன என்று கூட்டுங்கள். விழுப்புரத்துக்குப் பதில் திண்டிவனத்தைப் பெரம்பலூரோடு சேர்த்தாலும் திருச்சி போய் வரலாம். கூடவே அந்த வழியாகப் புதுச்சேரி போகிறவர்களும் கிடைப்பார்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதா? திண்டிவனம்தான். (ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், போகிறவர்களை இதில் சேர்க்காதீர்கள்.)

பயண எண்ணிக்கைக்கு டோல்கேட் கணக்கு மட்டும் போதாது. வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்பது அதில் தெரியாது. தொடக்கத்துக்கு, இரு ஊர் மக்கள்தொகையைப் பெருக்கித் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்துத் தோராயம் போடலாம். ஊர்கள் இருபதைத் தாண்டினால் தாளை மூடிவிட்டுப் பைத்தான் என்கிற கணினி நிரல் மொழிக்குப் போங்கள்.

படி 5: நேரில் போய்ப் பாருங்கள். நான்குவழிச் சாலையில் நடுவே மீடியன் உண்டு. திருச்சி போகும் பக்கம் இருக்கும் நிலையம், யூ-டர்ன் பக்கத்தில் இல்லாவிட்டால், சென்னை திரும்புகிறவருக்கு எதிரே தெரிந்தும் எட்டாது. அப்போது படி 3-ஐ இரு திசைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.