குட்டிக்கரணம் பழக எந்த விமானம்? வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிமோட் விமானத்தை நேராக ஓட்டி, திருப்பி, ஒடியாமல் இறக்கப் பழகியவருக்கு அடுத்து லூப் (செங்குத்தாக வட்டமடிப்பது), ரோல் (பக்கவாட்டில் உருள்வது), தலைகீழ்ப் பறத்தல் என்று ஆசை போகும். கடையில் உடனே கண்ணில் படுவது ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போன்ற போர் விமான மாதிரிகள். அழகுதான், ஆனால் வாங்காதீர்கள். நுனி குறுகிய இறக்கை, இறக்கையின் பரப்புக்கு மீறிய எடை. வேகம் குறைந்த நேரத்தில், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால், ஒரு பக்க இறக்கை சட்டென்று சாயும். தரையிறக்கும்போது இப்படி ஆனால் மீட்க உயரம் இருக்காது.

"ஏற்கெனவே ஓட்டப் பழகிய டிரெய்னர் விமானம் இருக்கிறதே, அதிலேயே பழகலாமே" என்பார்கள். லூப் வரை சரி. அப்புறம் டிரெய்னரே எதிரி. அதன் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், நுனிகள் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும், அடிப்பக்கம் தட்டை. கையை எடுத்தால் தானாக நிமிர்வதற்கென்றே செய்த வடிவம் அது. தலைகீழாக வைத்தால் நிமிரத்தான் பார்க்கும், நீங்களோ எலிவேட்டரை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கற்க வேண்டிய விமானத்துக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி வளைந்த இறக்கை வேண்டும். அது உடலின் நடுவிலோ கீழேயோ, அதிகம் மேல்நோக்கி வளையாமல் இருக்க வேண்டும். இரு இறக்கைகளிலும் ஐலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல், வேண்டும். நுனிக்கு நுனி ஒரு மீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக இருந்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

வீடியோவில் புரொப்பெல்லரிலேயே தொங்கி நிற்கும் 3டி விமானத்தைப் பார்த்து மயங்குவதும் உண்டு. அதன் ஐலரானும் எலிவேட்டரும் மிகப் பெரியவை. விரல் லேசாக அசைந்தாலே புரண்டுவிடும். அது பிறகு பார்க்கலாம்.

நம் டெல்டாவில் இறங்கும் இடத்தையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். சம்பா அறுத்த வயல் காலி என்று நினைத்துவிடாதீர்கள். அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பயறும் அரிதாளுக்கு நடுவே முளைத்து நிற்கும். விழுந்த விமானத்தைத் தேடி நாலு பேர் மிதித்தால் வயல்காரர் சும்மா விடமாட்டார், அவர் கோபம் நியாயம். உளுந்தும் எடுத்தபின், ஆற்றில் தண்ணீர் வரும்வரை கிடைக்கும் தரிசு நாட்கள்தான் நமக்கு. ஆனால் அப்போது களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சின்னச் சக்கரம் வெடிப்பில் மாட்டினால் விமானம் மூக்கால் குத்தும், புரொப்பெல்லர் போகும். கையால் எறிந்து ஏற்றி, வயிற்றால் இறக்கக்கூடிய ஈபிபி ஃபோம் விமானம் இங்கே பெரிய நிம்மதி. அது மடங்கும், சீக்கிரம் உடையாது. உடைந்தாலும் ஹாட் க்ளூ போதும். ஆடிக் காற்றில் மட்டும் எடை குறைந்ததை ஏற்றாதீர்கள். தென்னந்தோப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டால், விமானம் கண்ணில் படும், மரமேறிதான் கிடைக்கமாட்டார்.

வாங்கிய பிறகும் தவறு உண்டு. எடை சமமாகும் புள்ளியான சி.ஜி.யை, கையேடு சொன்ன இடத்திலிருந்து பின்னால் தள்ளாதீர்கள். பேட்டரியை இரண்டு விரல் அகலம் பின்னால் வைத்தாலே எலிவேட்டர் பதறும். தொடக்கத்தில் டிரான்ஸ்மிட்டரில் அசைவு அளவைக் குறைத்து, குச்சியின் சிறு அசைவுகளை மென்மையாக்கும் எக்ஸ்போவையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். நிலைப்படுத்தும் கைரோ உள்ள விமானமானால், தானாக நிமிர்த்தும் முறையை அணைத்துவிட்டுப் பழகுங்கள். அது இருக்கும்வரை ரோல் செய்யவிடாது, தலைகீழாகவும் நிற்கவிடாது.

தஞ்சாவூரைச் சுற்றியிருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 முதல் சுகோய்-30 விமானங்களும் அங்கே நிற்கின்றன. திருச்சிப் பக்கம் விமான நிலையம். எந்த வயல் என்று முடிவு செய்யும் முன் ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பாருங்கள். பச்சையிலும் 120 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது. லூப் பழக அந்த உயரமே தாராளம்.