தட்டிக்கொண்டே செய்தி வாங்க இரண்டு த்ரெட்

கொட்டகலையில் எங்கள் லயத்தில் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். நானும் தம்பியும் ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இரண்டு லெப்டொப்பை இணைத்து, பைத்தன் மொழியில் செட் (அரட்டை) புரோகிராம் ஒன்று எழுதினோம். உள்ளுக்குள்ளேயே பேசுவதால் டேட்டா தேவையில்லை. ஆனால் நான் ஒன்று அனுப்பினால்தான் அவன் அனுப்பியது என் திரையில் விழும்.

காரணம், நாம் தட்டுவதை வாங்கும் 'இன்புட்' கட்டளை. என்டர் தட்டும்வரை அது அந்த வரியிலேயே நிற்கும். மறுபக்கச் செய்தியை வாங்கும் 'ரெசீவ்' உம் ஏதாவது வரும்வரை நகராது. ஹட்டன் ஸ்டேஷனில் எதிர் ரயில் வந்து விலகும்வரை காத்துக் கிடப்போமே, அதே கதைதான். இரண்டு லெப்டொப்புக்கும் நடுவே உள்ள டிசிபி இணைப்போ இரட்டைப் பாதை. ஒரே சொக்கெட்டில், அதாவது அந்த இணைப்பின் முனையில், இரு பக்கமும் ஒரே நேரத்தில் போய்வரலாம்.

ஆகவே வேலையைப் பிரியுங்கள். கனெக்ட் ஆனதும், ரெசீவ் செய்யும் லூப்பை ஒரு ஃபங்ஷனில் போட்டு, அதைத் தனி த்ரெட்டில், அதாவது அதே புரோகிராமுக்குள் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு வேலையாக, ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த த்ரெட்டின் 'டீமன்' அமைப்பு ட்ரூவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மெயின் வேலை முடிந்த பிறகும் புரோகிராம் தொங்கும். தட்டுவதும் அனுப்புவதும் மெயின் த்ரெட்டில். ரெசீவ் வெறுமையாகத் திரும்பினால் மறுபக்கம் மூடிவிட்டார்கள், லூப்பை விட்டு வெளியே வாருங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். எழுத்தைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் கொம்பு என்று ஒவ்வொரு குறியும் தனித்தனியாக 3 பைட். 'வணக்கம்' மட்டுமே 21 பைட். 1024 பைட்டாக வாங்கினால் அது 3ஆல் வகுபடாது; நீண்ட செய்தி எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டு, பைட்டைத் திரும்ப எழுத்தாக்கும்போது டிகோட் எரர் அடிக்கும். எனக்கு இரண்டு இரவு இதிலேயே போனது. போதாததற்கு, டிசிபிக்குச் செய்தியின் எல்லை தெரியாது. இரண்டு செய்தி ஒட்டிக்கொண்டும் வரும். ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் புதுவரிக் குறி போட்டு 'சென்ட்ஓல்' மூலம் அனுப்புங்கள். வாங்கும் பக்கம் பைட்டாகவே சேர்த்துவைத்து, அந்தக் குறி வந்த பிறகே டிகோட் செய்யுங்கள்.

அப்புறம், இரண்டு த்ரெட்டும் ஒரே ஃபைலில் செய்திகளை எழுதினால் 'லொக்' வேண்டும். ஒற்றைப் பாதையில் போக அனுமதியான டெப்லட் கைக்கு வராமல் டிரைவர் ரயிலை எடுக்க மாட்டார் அல்லவா, அதுபோல லொக் யார் கையிலோ அவர் மட்டும் எழுதட்டும்.

சரி, சோதித்துப் பாருங்கள். பாதி வரி தட்டிவிட்டுக் கையை எடுங்கள். மறுபக்கத்துச் செய்தி உடனே விழ வேண்டும். உங்கள் வரி திரையில் உடைந்து தெரிந்தாலும் அழியாது, மீதியைத் தட்டி என்டர் கொடுத்தால் முழுதாகப் போகும். எனக்கு அப்படி முதலில் விழுந்தது, "அக்கா, தேத்தண்ணி ஊத்தவா?"