கோஃபர் தளம் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோஃபர் என்பது அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1991-ஆம் ஆண்டு உருவாகி, 1993 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1436 என்ற ஆவணமாக வெளியான இணைய நெறிமுறை. பட்டியல்களும் எழுத்துக் கோப்புகளுமே அதன் உலகம். அந்த ஆண்டே பல்கலைக்கழகம் சர்வர் மென்பொருளுக்குக் கட்டணம் கேட்க முற்பட்டதும், ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் உலகளாவிய வலையை (வேர்ல்ட் வைட் வெப்) எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டதும் கோஃபரின் வளர்ச்சியைத் தடுத்தன. 2011-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4 அதற்கான ஆதரவையே கைவிட்டது. ஆயினும் லிங்க்ஸ், லாக்ரேஞ்சு முதலிய உலாவிகளில் அது இன்றும் திறக்கிறது. விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும் இல்லாமல், எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி குறைவு. பெங்களூருவில் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிறவர்களுக்கும் அப்படியே.

ஆனால் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த நெறிமுறை ஒரு கோப்பைப் பற்றி ஏறத்தாழ எதையுமே வாசகரின் உலாவிக்குச் சொல்வதில்லை. எந்த எழுத்துக் குறியாக்கம், எந்த மொழி, எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, கோப்பு வேறு இடத்துக்குப் போய்விட்டதா என்பவற்றையெல்லாம் வலையில் சர்வரே தெரிவித்துவிடுகிறது; இங்கே அந்தப் பொறுப்பு முழுவதும் தளத்தை வைத்திருப்பவருடையது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் நேர்பவை.

முதலில் பட்டியல் வரி. ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து பொருளின் வகையைக் குறிக்கும்: எழுத்துக் கோப்புக்கு 0, மற்றொரு பட்டியலுக்கு 1, தேடலுக்கு 7, பிற கோப்புகளுக்கு 9. அதை ஒட்டி வாசகருக்குத் தெரியும் தலைப்பும், பின்னர் கோப்பின் பாதையும், அது இருக்கும் கணினியின் பெயரும், போர்ட் எண்ணும் வரும். இந்த நான்கையும் பிரிப்பது டேப் மட்டுமே. பார்வைக்கு டேப்பும் நான்கு இடைவெளிகளும் ஒன்றுபோலவே இருப்பதாலும், பல எடிட்டர்கள் டேப்பைத் தாமாகவே இடைவெளிகளாக மாற்றிவிடுவதாலும், நேற்றுவரை திறந்த இணைப்பு ஒரு சிறு திருத்தத்துக்குப் பிறகு வெறும் எழுத்தாக நிற்கும். பட்டியல் கோப்புக்கு மட்டுமாவது எடிட்டரில் அந்த வசதியை அணைத்துவைப்பது நல்லது.

கணினியின் பெயர் ஒவ்வொரு வரியிலும் இருப்பதால் வரும் தவறு இதைவிடப் பரவலானது. வீட்டில் சோதித்துப் பார்த்தபோது எழுதிய 127.0.0.1 அல்லது 192.168.1.5 போன்ற முகவரி அப்படியே தங்கிவிடும். எழுதியவரின் வீட்டு வைஃபையில் எல்லா இணைப்பும் ஒழுங்காகத் திறக்கும். வெளியே உள்ளவர் முகப்புப் பட்டியலைப் பார்ப்பார், ஆனால் எதை அழுத்தினாலும் அவருடைய உலாவி அவருடைய சொந்தக் கணினியையோ அவர் வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒரு கருவியையோ தேடிப் போகும். கோஃபர்னிக்கஸ் போன்ற சர்வர்கள் விடுபட்ட பெயரையும் போர்ட்டையும் தாமே நிரப்பிக்கொள்ளும் என்பதால், சொந்தக் கோப்புகளுக்கு அவ்விரண்டையும் எழுதாமல் விடுவதும், சர்வரின் அமைப்பில் சரியான டொமைன் பெயரை ஒருமுறை கொடுத்துவிடுவதும் போதும்.

தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது பைட்டுகளில். ஆர்.எஃப்.சி. 1436 எழுதப்பட்டபோது அதன் ஆசிரியர்களின் மனத்தில் இருந்தவை ஆங்கிலத்துக்கான ஆஸ்கியும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1-உம் மட்டுமே. இன்று யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் பெரும்பாலான உலாவிகள் புரிந்துகொள்கின்றன. அதில் தயக்கம் வேண்டாம். சிக்கல் வரியின் நீளத்தில் வருகிறது. பட்டியலில் தெரியும் தலைப்பு 70 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்று அந்த ஆவணம் பரிந்துரைக்கிறது. எழுத்துக் கோப்புகளின் வரிகளையும் ஏறக்குறைய அதே அளவில் மடிப்பதே வழக்கம். ஆனால் ‘பெங்களூரு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்துகள், யூனிகோடில் ஒன்பது குறியீடுகள், யூ.டி.எஃப்-8-இல் 27 பைட்டுகள். வரியை மடிக்கும் பழைய கருவிகள், குறிப்பாகப் பல லினக்ஸ் கணினிகளில் உள்ள ஃபோல்டு கட்டளை, எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளையே எண்ணுகின்றன. 70 என்று கேட்டால் இந்தச் சொல் ஒரு வரியில் இரண்டு முறைதான் அடங்கும். மூன்றாவது அடுத்த வரிக்குப் போய்விடும். இடைவெளியில் மட்டும் வெட்டு என்று சொல்லாமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலேயே வெட்டு விழுந்து, வரியின் ஓரங்களில் கேள்விக்குறிக் கட்டங்கள் தோன்றும். யூனிகோடை அறிந்த எடிட்டரில், விம்மிலோ ஈமாக்ஸிலோ, வரிகளை மடிப்பதே பாதுகாப்பானது.

கோடுகளாலும் நட்சத்திரங்களாலும் கட்டம் கட்டி அதற்குள் தமிழை அடைக்க முயல்வதும் வீண் உழைப்பு. துணையெழுத்துக்கும் கொம்புக்கும் எவ்வளவு அகலம் தருவது என்பதில் டெர்மினல்கள் ஒத்துப்போவதில்லை. ஒருவர் திரையில் நேராக நிற்கும் வலப்பக்கக் கோடு இன்னொருவர் திரையில் பல்லிளித்து நிற்கும். இடப்பக்கம் மட்டும் சீராக வைத்துக்கொண்டால் எங்கும் படிக்க முடியும்.

கோப்பின் பெயரைத் தமிழில் வைக்கும் ஆசை இயல்பானது, ஆயினும் அதைத் தவிர்க்கச் சொல்வேன். கோலார் தங்கவயலில் தாத்தா வேலை பார்த்த காலத்தைப் பற்றி ஒருவர் எழுதி, கோப்புக்கு ‘கோலார்’ என்றே பெயர் வைக்கிறார் என்று கொள்வோம். முதல் எழுத்தில் உள்ள ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றே. சர்வர் ஒப்பிடுவதோ பைட்டுகளை. பழைய மேக் கணினியின் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்கு நகலெடுத்த கோப்பையும், பட்டியலில் விசைப்பலகையால் தட்டிய பெயரையும் சர்வர் வெவ்வேறு என்றே எடுத்துக்கொள்ளும், கோப்பு இல்லை என்று சொல்லிவிடும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. மேலும், முகவரியை நண்பருக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும் என்பதால், ‘பெங்களூரு’ என்ற ஒரே சொல் 81 எழுத்துகளாகிவிடும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். பாதை சிறிய ரோமன் எழுத்துகளிலும் எண்களிலும் இருக்கட்டும்.

விண்டோஸில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சில எடிட்டர்கள் யூ.டி.எஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்க்கின்றன. எழுத்துக் கோப்பில் அதனால் பெரிய கேடில்லை. பட்டியல் கோப்பில் முதல் பைட்டே வகைக்குறி என்பதால் முதல் வரியின் இணைப்பு கெட்டுப்போகும். அந்தக் குறி இல்லாமல் சேமிக்கும் தெரிவை எடுக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் தட்டி வைத்த பழைய கோப்புகளை அப்படியே ஏற்றாமல் யூனிகோடுக்கு மாற்றிய பின்பே ஏற்ற வேண்டும். கோப்பு எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்று உலாவிக்குச் சொல்ல இங்கே வழியே கிடையாது.

தனியாக ஒரு புள்ளி மட்டும் உள்ள வரி, ‘இத்துடன் முடிந்தது’ என்று இந்த நெறிமுறையில் பொருள்படும். கவிதைகளின் பத்திகளுக்கு நடுவே ஒற்றைப் புள்ளி வைக்கும் பழக்கம் உள்ளவர்களின் கோப்பு, சில உலாவிகளில் முதல் பத்தியோடு நின்றுவிடும். நட்சத்திரக் குறியை வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் விளக்க வரிகளைச் சேர்க்க உதவும் ஐ (i) என்ற ஆங்கில வகைக்குறி ஆர்.எஃப்.சி. 1436-இல் இல்லை, பின்னாளில் வழக்கத்தால் வந்தது. இரண்டு மூன்று வரி அறிமுகத்துக்கு அது போதும். கட்டுரை முழுவதையும் அதிலேயே எழுதுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் வாசகரால் கட்டுரையைத் தூய எழுத்துக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள முடியாது, இந்த நெறிமுறையின் பெரிய நன்மையே அதுதான். வலைப்பக்கத்துக்கான இணைப்பை 1 என்ற வகையில், வலைக்குரிய 80-ஆம் போர்ட்டோடு எழுதுவதும் தவறு. அதற்கு எச் (h) என்ற வகைக்குறியும், பாதையின் முன்னால் யூ.ஆர்.எல். என்ற முன்னொட்டும் வழக்கத்தில் உள்ளன.

கோப்புகளை இடம் மாற்றுவதுதான் நீண்ட நாள் நோக்கில் மிகப் பெரிய கேடு என்பேன். வலையில் பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடலாம். கோஃபரில் அந்த ஏற்பாடு இல்லை. ஒருமுறை மாற்றினால் மற்றவர்கள் வைத்திருக்கும் இணைப்பெல்லாம் அறுந்துவிடும். எனவே ஆண்டுவாரியாக அடைவுகளை வைத்து, தலைப்பைச் சாராத பெயர்களைக் கோப்புகளுக்குத் தருவது நல்லது. தேதியையும் நாமே எழுத வேண்டும்: கோப்பின் தலைப்பகுதியில் எழுதிய நாளும் திருத்திய நாளும், பட்டியலில் தலைப்புக்கு முன்னால் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் ஒரு தேதியும் இருந்தால் வாசகர் புதியதை உடனே அறிவார். ஒரே ஐ.பி. முகவரியில் இரண்டு டொமைன்களுக்கு இரண்டு தளங்கள் வைக்கத் திட்டமிடுகிறவர்களுக்கும் இங்கே ஒரு தடை உண்டு. உலாவி சர்வருக்கு அனுப்புவது பாதையை மட்டுமே. எந்தப் பெயரைக் கேட்டு வந்தது என்று சர்வருக்குத் தெரியாது.

எஸ்.பி. ரோட்டில் ஒரு சிறு கணினியை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்தே தளத்தை நடத்திவிடலாம் என்று பெங்களூருவில் பலருக்குத் தோன்றும். இடையூறு பெரும்பாலும் இணைப்பில் இருக்கும். வீட்டு பிராட்பேண்டில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முறை பரவலாக இருப்பதால், ரௌட்டரில் கோஃபருக்குரிய 70-ஆம் போர்ட்டை எவ்வளவு திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. ரௌட்டரின் வெளிப்புற முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நிலைமை இதுதான் என்று அறியலாம். நிலையான முகவரிக்குத் தனியே பணம் கட்ட வேண்டும், அல்லது பெங்களூருவிலோ மும்பையிலோ தரவு மையம் உள்ள நிறுவனத்தில் சிறிய சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும். வீட்டில்தான் வைப்பேன் என்றால், கோடை மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் மாதங்களுக்காக யூ.பி.எஸ். அவசியம், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டுகள் எளிதில் கெடும். காப்புப் பிரதி அந்தக் கார்டிலேயே இருந்தால் அது காப்பும் அல்ல.

70-ஆம் போர்ட் 1024-க்குக் கீழே இருப்பதால் லினக்ஸில் அதைத் திறக்கத் தனி அனுமதி தேவை. அதற்காக சர்வரை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே ஓடவிடுவது ஆபத்தானது. லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி போர்ட்டைத் திறந்து, அதிகாரம் குறைந்த ஒரு பயனரின் பெயரில் சர்வரை இயக்குமாறு அமைக்கலாம். சொந்த ஹோம் அடைவைச் சுட்டாமல் தனி அடைவை ஒதுக்குவது முக்கியம். எல்லாம் மறைகுறியின்றி வெளிப்படையாகவே பயணிக்கும் என்பதால், தேடல் வகையைப் பயன்படுத்தி வாசகரிடம் பெயரோ தொலைபேசி எண்ணோ கேட்கக் கூடாது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வீட்டு வைஃபையை விட்டு விலகி, கைபேசியின் டேட்டாவில் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நெட்கேட் கருவியால் 70-ஆம் போர்ட்டுக்கு ஒரு வெற்று வரியை அனுப்பினால் சர்வர் தரும் பட்டியல் அப்படியே திரையில் வரும். ஒவ்வொரு வரியிலும் வகைக்குறி, மூன்று டேப்கள், சரியான டொமைன் பெயர், 70 என்ற எண் ஆகியவை இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துவிடலாம். அலுவலக வலையமைப்பிலிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால் சர்வரைக் குற்றம் சொல்ல வேண்டாம். பல நிறுவனங்கள் வலைக்குரிய 80, 443 தவிர மற்ற போர்ட்டுகளை அடைத்தே வைத்திருக்கின்றன. அங்கிருந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு ஃபிளட்கேப் தளம் நடத்தும் பொது வலைவாசலின் வழியாக வரச் சொல்லலாம்.