டார்ச்சுக்கு டார்ச் செல் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ராகி முற்றும் காலத்தில் தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் யானைக் காவலுக்குப் போகும் வீடுகளில் இரண்டு மூன்று டார்ச் இருப்பது சகஜம். ஒன்றில் சார்ஜ் தீர்ந்தால் இன்னொன்றிலிருந்து செல்லை உருவிப் போட்டுக்கொள்வார்கள். ஒரே செல் போடும் டார்ச்சில், செல் சரியான வகையாக இருந்தால் இதில் பெரிய ஆபத்தில்லை. இரண்டு செல்லை வரிசையாகப் போடும் நீள டார்ச்சில்தான் வினை.

இந்த டார்ச்களில் போடும், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் லித்தியம் அயான் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்கு இறங்கினால் காலி என்று வையுங்கள். 4.15-ல் ஒன்றும் 3.6-ல் ஒன்றும் சேர்த்துப் போட்டால் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட். குறைந்தது முதலில் தீரும். மற்றது விடாமல் தள்ளுவதால், தீர்ந்த செல் பூஜ்யத்துக்கும் கீழே போய் பிளஸ், மைனஸ் தலைகீழாகும். உள்ளே கெட்டுச் சூடாகி வாயு கக்கும். தண்ணீர் புகாமலிருக்க ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய குழாயில் அந்த வாயு வெளியேற வழியில்லை, டார்ச்சே வெடிக்கலாம்.

அதனால் ஜோடி என்றால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒன்றாக வாங்கியது. மார்க்கரால் இரண்டிலும் ஒரே எண் எழுதிவிடுங்கள். சார்ஜும் ஒன்றாகவே. சார்ஜரிலிருந்து எடுத்து அரைமணி கழித்து, மல்டிமீட்டரை டிசி 20-ல் வைத்து ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.05 வோல்ட்டைத் தாண்டினால் சேர்க்காதீர்கள். ஒன்று கெட்டால் அதற்குப் புது ஜோடி தேடாமல், நல்லதை ஒற்றை செல் டார்ச்சுக்குத் தள்ளிவிடுங்கள்.

அளவு பொருந்துகிறது என்பதற்காகவும் போடக்கூடாது. சோலார் லைட்டில் வரும் 3.2 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் பார்க்க அச்சாக டார்ச்சில் போடும் 18650 (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம்) லித்தியம் அயான் செல் போலவே இருக்கும். அதன் முழு சார்ஜ் 3.65 வோல்ட்தான், 4.2 வோல்ட் சார்ஜரில் போட்டால் பாழ். பென்சில் செல் உயரத்தில் இருக்கும் 14500 அளவு லித்தியம் அயான் செல்லை 1.5 வோல்ட் டார்ச்சில் போட்டால் லைட் கருகிப்போகலாம். 18650 செல்லில் 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சிட்டிருந்தால் பொய். நல்ல செல்லே பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான்.

தட்டை முனை செல் எட்டவில்லை என்று சில்வர் பேப்பரோ காந்தமோ வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். செல்லின் உடம்பு முழுக்க மைனஸ். பிளஸ் முனையைச் சுற்றியுள்ள விளிம்பும் மைனஸ்தான். நடுவே இருப்பது மெல்லிய வளையம் ஒன்றே. காந்தம் கொஞ்சம் நகர்ந்தால் ஷார்ட். மேலுறை கிழிந்த செல்லுக்கும் இதே கதி.

இரண்டு செல் டார்ச் திடீரென மங்கினால் அடித்துத் தட்டிப் பார்க்காமல் உடனே அணையுங்கள். கை பொறுக்காத சூடு வந்தால் மூடியைத் திறக்காதீர்கள். வைக்கோல் போரும் காய்ந்த புல்லும் இல்லாத வெறும் மண்ணில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.