ஆன்லைன்ல மேஜிக் ட்ரிக் வாங்கறீங்களா? ரிவ்யூ படிக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

புதுசா மேஜிக் கத்துக்க வர்ற பசங்க எங்கிட்ட போனை நீட்டி, "அண்ணா, 4.8 ஸ்டார் இருக்கு, ஆர்டர் போட்டுடவா?"ன்னு கேக்காத வாரமே இல்ல. நான் ஆரம்பிச்ச காலத்துல போன அதே வழியில இவங்களும் போறாங்கன்னு பாக்கறப்ப மனசு கேக்கல, அதான் எழுதறேன். ஒரே நாள்ல குவிஞ்ச ரிவ்யூ, ஆள் மாறியும் வரி மாறாத ரிவ்யூ, இதையெல்லாம் நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க, அதுக்குள்ள நான் போகல.

மேஜிக்ல ரிவ்யூவ நம்பித்தான் ஆகணும்ங்கற நிலைமை ஏன் வருதுன்னா, மிக்ஸி வாங்கினா கடையில ஓட்டிப் பாத்துட்டு வாங்கலாம், ட்ரிக்கை அப்படிப் பாக்க முடியாது. உள்ள என்ன இருக்குன்னு காட்டிட்டா அப்புறம் விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வாங்கிப் பிரிச்சுட்டீங்கன்னா ரகசியம் தெரிஞ்சுபோச்சு, பெரும்பாலான கடைல ரிட்டர்ன் கிடையாது, டவுன்லோடுன்னா கேக்கவே வேணாம். ஆக காசு கட்டறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கறது ரெண்டே ரெண்டுதான், வெட்டி ஒட்டின டிரெய்லரும், முன்னாடி வாங்கினவங்க எழுதினதும்.

எழுதினவர் அதை யார் முன்னாடியாவது செஞ்சு காட்டினாரான்னு பாக்காம விடறது

எனக்கு இன்னிக்கு வரைக்கும் எரிச்சல் வர்ற தப்பு இதுதான், இதனாலதான் காசும் அதிகமா போகுது.

என்ன நடக்குதுன்னு பாருங்க. பார்சல் வருது, பிரிக்கறாரு, விளக்க வீடியோவப் போடறாரு, "அட, இப்படித்தான் பண்றாங்களா!"ன்னு ஒரு சந்தோஷம் வருது பாருங்க, அந்தச் சந்தோஷத்துலயே உக்காந்து அஞ்சு ஸ்டார் குடுத்துடறாரு. கண்ணாடி முன்னாடி நின்னுகூடப் பாத்திருக்க மாட்டாரு. பல கடைகள் டெலிவரி ஆன கொஞ்ச நாள்லயே "ரிவ்யூ எழுதுங்க"ன்னு மெயில் வேற அனுப்பிடுது. அவர் எழுதறதும் பொய் இல்ல, ரகசியம் தெரிஞ்ச ஆனந்தத்தத்தான் எழுதறாரு, ஆனா நீங்க அதை "ஆடியன்ஸ் முன்னாடி எடுபடும்"னு படிச்சுக்கறீங்க. "மெத்தட் செம புத்திசாலித்தனம்", "கிம்மிக் குவாலிட்டி சூப்பர்", "சீக்கிரம் ப்ராக்டிஸ் ஆரம்பிக்கணும்", இந்த மாதிரி வரிகளைக் கவனிங்க (கிம்மிக்னா அந்த ட்ரிக்குக்குன்னே ரகசியமா செஞ்ச பொருள்), கடைசி வரிலயே ஆள் இன்னும் செய்யலன்னு ஒத்துக்கிட்டாரு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, காலேஜ் ரெண்டாம் வருஷம், பொருள் காத்துல மிதக்கற வகை ட்ரிக் ஒண்ணு வாங்கினான். வீட்ல கெஞ்சி வாங்கின காசு. ரிவ்யூ எல்லாம் ஆஹா ஓஹோ. அக்கா கல்யாண ரிசப்ஷன்ல செய்யப் போறேன்னு ராத்திரி பகலா ப்ராக்டிஸ் பண்ணி, ரூம்ல எங்களுக்குச் செஞ்சு காட்டினப்ப உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. மண்டபத்துல என்ன ஆச்சு? தலைக்கு மேல ராட்சச ஃபேன், வீடியோக்காரர் லைட்டைப் பக்கத்துல இருந்து அடிக்கறாரு, மூணு பக்கமும் சொந்தக்காரங்க, பின்னாடி வாண்டுங்க எட்டிப் பாக்குதுங்க. மெத்தடை நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த வகை ட்ரிக் செய்யற எல்லாருக்கும் தெரியும், ஃபேன் காத்தும் பக்கவாட்டு வெளிச்சமும் அதுக்கு எமன். பாதியில நிறுத்திட்டு இறங்கிட்டான். போன காசைவிட, அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவன் சீட்டுக்கட்டையே கையில எடுக்காம இருந்தான் பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல.

பிற்பாடு அந்த ரிவ்யூவெல்லாம் நானும் அவனும் உக்காந்து திரும்பப் படிச்சோம். எங்க செஞ்சேன், எத்தனை பேர் இருந்தாங்க, லைட் எப்படின்னு ஒருத்தர்கூட எழுதல. ஒரே ஒரு மூணு ஸ்டார் ரிவ்யூ மட்டும் "எல்லா இடத்துக்கும் ஒத்துவராது"ன்னு ஒத்த வரியில முடிஞ்சிருந்துச்சு. அத்தனை ரிவ்யூலயும் உருப்படியானது அது ஒண்ணுதான், நாங்க அதைத்தான் தாண்டிப் போயிருந்தோம்.

அவர் ஏன் விளக்கமா எழுதலன்னா, எழுத முடியாது. "ஃபேன் ஓடற இடத்துல ஆகாது"ன்னு எழுதினாலே படிக்கற ஆள் பாதி மெத்தடை ஊகிச்சுடுவான். மேஜிக் ரிவ்யூவுக்கே உள்ள சிக்கல் இது. விஷயம் தெரிஞ்ச நல்ல மனுஷன் ரகசியத்தைக் காப்பாத்தறதுக்காகக் குறையச் சுருக்கிடறாரு, விஷயம் தெரியாதவர் பாராட்டைப் பக்கம் பக்கமா எழுதிடறாரு. அதனால மேஜிக்ல மட்டும் நீளமான பாராட்டைவிடச் சின்ன முணுமுணுப்புக்கு அதிக மதிப்பு குடுங்க. "ஆங்கிள் கொஞ்சம் பாத்துக்கணும்"னு இருந்தா ரொம்பவே பாத்துக்கணும்னு எடுத்துக்கோங்க. ரீசெட், அதாவது ஒரு தடவை செஞ்சதும் அடுத்த தடவைக்கு ரெடி பண்றது, அதப் பத்தி யாருமே பேசலன்னா டேபிள் டேபிளா போய்ச் செய்யறதுக்கு அதை நம்பி வாங்காதீங்க. ட்ரிக் வெளியான முதல் வாரத்துல வந்ததை ஒதுக்கிட்டு, சில மாசம் கழிச்சு வந்ததத் தேடிப் படிங்க, அப்பவும் எழுதறவர் பெரும்பாலும் அதைச் செஞ்சு பாத்தவரா இருப்பாரு.

ஒரு ஸ்டாரப் பாத்துப் பயந்து ஓடறது

"இவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ காசு?"ன்னு கோவத்துல ஒரு ஸ்டார் போட்டிருப்பாங்க. இன்விசிபிள் டெக்குன்னு ஒரு சீட்டுக்கட்டு ட்ரிக், அதை எடுத்துக்கோங்க. அதோட மூலம் 1930-கள்ல ஜோ பெர்க் உருவாக்கினது, இன்னிக்கும் தொழில்முறை ஆளுங்க பையில இருக்கு, பாக்கறவங்க வாயடைச்சுப் போறாங்க. ஆனா ரகசியம் ரொம்ப எளிமை, அதனால வாங்கின புதுப் பையனுக்கு ஏமாத்தப்பட்ட மாதிரி இருக்கும். ட்ரிக் மோசம்னு சொல்ற ஒரு ஸ்டாரும், ரகசியம் சின்னதுன்னு சொல்ற ஒரு ஸ்டாரும் வேற வேற. ரெண்டாவது வகை நிறைய இருந்தா நான் தைரியமா வாங்குவேன்.

டிரெய்லர்ல பெரிய மெஜிஷியன் சொன்ன பாராட்டை ரிவ்யூன்னு எடுத்துக்கறது

அது விளம்பரம். தாண்டிப் போங்க.

"வெரிஃபைட் பர்ச்சேஸ்" பாத்ததும் நிம்மதியாகறது

வாங்கினாருன்னு மட்டும்தான் அது சொல்லுது. பொதுவான ஷாப்பிங் தளங்கள்ல விக்கற குழந்தைங்க மேஜிக் கிட்டுக்கு வர்ற ரிவ்யூல பாதி கூரியர் சீக்கிரம் வந்ததப் பத்தியும் டப்பா அழகா இருந்ததப் பத்தியும்தான் இருக்கும்.

வேற பொருளோட ரிவ்யூவ இழுத்துட்டு வந்து ஒட்டற வேலையும் உண்டு. பவுன்டிஃபுல்னு ஒரு வைட்டமின் கம்பெனி அமேசான்ல தன்னோட புதுப் பொருளைப் பழைய பொருளோட சேத்து, அந்த ரிவ்யூவெல்லாம் புதுசுக்கும் தெரியற மாதிரி பண்ணினதுக்கு அமெரிக்காவோட ஃபெடரல் ட்ரேட் கமிஷன் 2023-ல 6 லட்சம் டாலர் கட்ட வெச்சுது. அதுக்கு முந்தின வருஷம் ஃபேஷன் நோவாங்கற துணிக் கம்பெனி, நாலு ஸ்டாருக்குக் கீழ இருந்த ரிவ்யூவ வெளியிடாம வெச்சிருந்ததா வந்த புகார்ல 42 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. ரெண்டும் மேஜிக் கடை இல்ல, ஆனா விக்கறவரே ரிவ்யூ பக்கத்தையும் வெச்சிருந்தா என்னெல்லாம் செய்யலாம்னு புரிஞ்சுக்க இது போதும். போலி ரிவ்யூவ நேரடியா தடை பண்ற விதி அமெரிக்காவுல 2024 அக்டோபர்லதான் அமலுக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல 2022-ல பிஐஎஸ், அதாவது இந்தியாவோட தரநிர்ணய அமைப்பு, ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே ஐஎஸ் 19000-ன்னு ஒரு தரநிலை கொண்டுவந்தாங்க, ஆனா அது கடைங்க விரும்பினா பின்பற்றலாம்ங்கற ரகமாத்தான் வந்துச்சு.

வெளிநாட்டு ரிவ்யூவ நம்ம ஊர் ஷோவுக்கு அப்படியே பொருத்தறது

காயின் ட்ரிக் ரிவ்யூ எழுதற அமெரிக்கர் கையில இருக்கறது கென்னடி ஹாஃப் டாலர், 30.6 மில்லிமீட்டர். நம்ம 10 ரூபாய் காயின் 27. அந்த சைஸ் வித்தியாசத்துல கையோட பழக்கமே மாறும், அதோட இங்க வெளிநாட்டுக் காசை எடுத்தாலே முன் வரிசைல இருக்கற பெரியவர் "அதக் குடு பாப்போம்"னு கை நீட்டுவாரு. அங்க கோட்டு போட்டு செய்யறாங்க, இங்க மே மாசம் அரைக்கைச் சட்டையில வியர்த்து ஊத்தும். மெழுகு சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும் நம்ம வெயில்ல என்ன ஆகும்னு இங்க செய்யற ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க.

ஒரிஜினலோட ரிவ்யூவப் படிச்சுட்டு காப்பி வாங்கறது

காப்பி அடிச்சுச் செஞ்ச கிம்மிக்ல அரை மில்லிமீட்டர் பிசகினா ட்ரிக் செத்துச்சு.

நீங்க எழுதும்போது பண்ற தப்பு

பிரிச்ச அன்னிக்கே எழுதாதீங்க, கொஞ்சம் ஷோ செஞ்சுட்டு எழுதுங்க. ரகசியத்தைத் தொடாமலே சொல்ல நிறைய இருக்கு. "பர்த்டே பார்ட்டில செஞ்சேன், சுமார் முப்பது பேர், ட்யூப் லைட் வெளிச்சம், முன்னாடி மட்டும் ஆள் இருந்தாங்க, அரைக்கைச் சட்டைதான், அடுத்த ரவுண்டுக்கு ரெடி பண்ண ரெண்டு நிமிஷம் தனியா போகவேண்டி இருந்துச்சு, ஒரு பையன் பொருளைக் கேட்டான், என்னால குடுக்க முடியல." இப்படி ஒண்ணு இருந்திருந்தா அந்தத் தம்பி அதை மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கவே மாட்டான்.